மருமகனின் ஸ்பீக்கர் பெட்டிகள்

நோன்பு பதினெட்டு அன்று காலை, திரைச்சீலைக்கு அப்பால் இருந்து என் மனைவி கேட்டாள்.

“இஞ்சருங்க, ஹஸ்ரத்துக்குச் சளி பிடிச்சிரிக்கா?”

“இல்லையே. ஏன்?”

“ஸீனும் இல்ல, ஸ்வாதும் இல்ல. எல்லாம் ஒண்டு போலக் கேட்குது. போர்வைக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி.”

என் மனைவி பதினைந்து வருடம் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்தவள். ஸீன், ஸ்வாத் போன்ற அரபு எழுத்துகளின் சத்தத்தில் அவள் காது பிழை விடாது. அம்ப்ளிபயரில் மாட்டியிருந்த போனின் வயரை ஒரு கணம் கழற்றி, போனைக் காதில் வைத்துப் பார்த்தேன். பள்ளிவாசலில் ஹஸ்ரத் செய்யும் பயான், மார்க்கப் பேச்சு, அதில் நேரலையாக வந்துகொண்டிருந்தது. போனில் ஹஸ்ரத்தின் குரல் தெளிவாகவே இருந்தது. அப்படியென்றால் பிழை போனில் இல்லை, பள்ளியிலும் இல்லை. பிழை எங்கள் ஹோலில் நிற்கும் இரண்டு பெட்டிகளில் இருக்கிறது. அந்தப் பெட்டிகள் என் மருமகனுடையவை.

 

எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்போம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நானும் மனைவியும் பின்னால், சமையல் செய்யும் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டோம். முன் ஹோலும் இரண்டு அறையும் மகளுக்கும் மருமகனுக்கும். வீட்டைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஆனால் அதற்குள் யார் என்ன செய்யலாம் என்று சொல்லும் வாயை நான் கொடுக்கவில்லை. அது பிறகுதான் விளங்கியது.

மருமகன் கலியாணத்துக்கு முன்பே கட்டாரில் வேலை செய்தவர். முதல் உழைப்பில் வாங்கியவை அந்தப் பெட்டிகள். இடுப்பளவு உயரம், மரத்தால் ஆனவை. முன்பக்கம் கறுப்புத் துணி. மெல்லிய துணியால் அவர்தான் துடைப்பார், வேறு யாரையும் தொட விடமாட்டார். கலியாணம் முடிந்த முதல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நாள் பகல், தன் தம்பிமாருடன் ஹோலில் இருந்து பாட்டுப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று, அவர்கள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: “தொழுற வீட்டில இதென்ன கூத்து?”

அவர் எழுந்து போய் நிறுத்தினார். தம்பிமார் தேத்தண்ணீரைக்கூடக் குடித்து முடிக்காமல் போனார்கள். அதன் பிறகு நான் வீட்டில் இருக்கும்போது அவர் ஒரு நாளும் அதைப் போடவில்லை. இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பார். இரண்டு மாதத்தில் திரும்பவும் கட்டாருக்குப் போய்விட்டார். என்னால்தான் போனார் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்த நோன்புக்கு எங்கள் தெருப் பெண்கள் பயான் கேட்க இடம் தேடினார்கள். எங்கள் ஹோல் பெரியது. நாற்பது பேர் பாய் விரித்து இருக்கலாம். ஆனால் நாலு ஃபேன் சுற்றும் சத்தத்தில் போனின் குரல் முன் வரிசைக்கே கேட்காது. மனைவி பெட்டிகளைக் காட்டினாள். நல்ல காரியத்துக்குத்தானே என்று மகளும் சரி சொன்னாள்.

இங்கேதான் நான் என் அறிவைப் பாவித்தேன். பெட்டிகளின் பின்னால் நூறு வாட்ஸ் என்று போட்டிருந்தது. மருமகனின் அம்ப்ளிபயரில் நூற்றைம்பது. நான் முப்பது வருடம் ஓட்டோ ஓட்டுகிறவன். மூன்று பேர் ஏறும் வண்டியில் ஐந்து பேரை ஏற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நூறு தாங்கும் பெட்டிக்கு நூற்றைம்பதைக் கொடுத்தால் கிழிந்துவிடாதா? என் ஓட்டோவில் ஒரு சின்ன அம்ப்ளிபயர் இருந்தது, இருபது வாட்ஸ். அதைக் கழற்றிப் பழைய பட்டரி ஒன்றில் பூட்டினேன். நூறுக்கு இருபது. எவ்வளவு பாதுகாப்பு என்று நினைத்தேன். மருமகனின் அம்ப்ளிபயரைப் பெட்சீற்றால் சுற்றி அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தேன்.

பெண்கள் நிறைந்த ஹோலுக்குள் நான் போய் இருக்க முடியாது. ஆகவே அம்ப்ளிபயரைக் குசினிப் பக்க அறையில் ஒரு ஸ்டூலில் வைத்து, வயர்களைத் திரைச்சீலைக்கு அடியால் முன்னுக்கு இழுத்தேன். நான் இந்தப் பக்கம், பெட்டிகள் அந்தப் பக்கம். மனைவி திரைச்சீலையை ஒட்டி இருந்துகொண்டு, “பின்னுக்கு இரிக்கிறவங்களுக்குக் கேட்கலியாம், இன்னும் கொஞ்சம்” என்பாள். நான் குமிழைக் கொஞ்சம் திருப்புவேன். “இன்னும் கொஞ்சம்.” இன்னும் திருப்புவேன். மூன்றாம் நாள் குமிழ் அதன் எல்லைக்கே போய்விட்டது. ஒவ்வொரு முறை திருப்பும்போதும் யா அல்லாஹ், இதை நன்மையாக எழுதிக்கொள் என்று மனதுக்குள் கேட்டேன். சத்தம் கரகரப்பதாக ஓரிரு பெண்கள் சொன்னார்களாம். பள்ளி மைக்கின் கோளாறு என்று அவர்களே முடிவும் சொல்லிவிட்டார்கள். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்த எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டது.

அன்று பயான் முடிந்து பெண்கள் போன பிறகு ஹோலுக்குள் போனேன். போனில் பழைய பயான் ஒன்றை ஓட விட்டு, ஒரு பெட்டியில் காதை வைத்தேன். கீழே இருக்கும் பெரிய ஸ்பீக்கர் உறுமியது. மேலே இருக்கும் சின்னதில் ஒன்றுமே இல்லை. மற்றப் பெட்டியிலும் அப்படித்தான். பின்னால் மகள் நின்றாள்.

“வாப்பா, அவர் கட்டாரால இருவத்திநாலாம் நோன்புக்கு வாறார்.”

“தெரியும் மகள்.”

“அவர் என்னத்த நினைப்பார் எண்டும் தெரியும்தானே?”

தெரியும். பெட்டி பழுதானதற்காக அவர் கோபிக்கமாட்டார். மாமா வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று நினைப்பார். அன்று வாயால் நிறுத்தினார், இன்று கையால் நிறுத்திவிட்டார் என்று நினைப்பார். நினைத்தால் வாய் திறக்கமாட்டார். அதுதான் எனக்குப் பயம். கத்துகிற மனிதருக்குப் பதில் சொல்லலாம். இவர் பேசாமல் பெருநாள் கழித்து, மகளைக் கூட்டிக்கொண்டு தன் உம்மாவின் வீட்டுக்குப் போவார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு வெளியேறினால், அந்த வீட்டைப் பார்க்கிற எல்லாரும், மாமனார் என்ன செய்தார் என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

அடுத்த நாள் இரண்டு பெட்டியையும் சாக்கால் மூடி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கல்முனை பஸாருக்குப் போனேன். அங்கே ரேடியோ செட் திருத்தும் கடை வைத்திருப்பவர் பக்கத்து ஊரான பாண்டிருப்புக்காரர். நாற்பது வயது இருக்கும். துணியைக் கழற்றி, மீற்றரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“மேல இருக்கிற சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், ரெண்டும் எரிஞ்சிட்டு நானா. என்ன அம்ப் போட்டீங்க?”

“சின்னதுதான் தம்பி. இருவது வாட்ஸ். பெரிசு போட்டாத்தானே எரியும்?”

அவர் சிரித்தார். “எல்லாரும் இதைத்தான் சொல்லிக்கிட்டு வாறாங்க. எவ்வளவு திறந்தீங்க?”

“முழுக்க.”

“எத்தனை நாள்?”

“பதினைஞ்சு பதினாறு நாள். ஒரு மணித்தியாலப்படி.”

“உங்கட ஓட்டோவில எட்டுப் பேரை ஏத்திக்கிட்டு, ரெண்டாம் கியரில கண்டி மலை ஏறுவீங்களா?”

“அதெப்பிடி? எஞ்சின் கத்தும்.”

“அது தான் நானா. உங்கட அம்ப் பதினாறு நாளும் கத்தியிருக்கு.”

பழைய கார்ட்போட் மட்டை ஒன்றை எடுத்து, அதில் அலை அலையாக ஒரு கோடு கீறினார். பிறகு அந்த அலைகளின் தலைகளை எல்லாம் வெட்டினது போலத் தட்டையாகக் கீறினார். தன்னால் முடியாத அளவுக்குக் கேட்டால் அம்ப்ளிபயர் சத்தத்தின் தலையை இப்படித்தான் வெட்டுமாம். வெட்டுப்பட்ட இடங்களில் இருந்து முதலில் இல்லாத கூர்மையான சத்தம் பிறந்து, நேராக மேலே இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குப் போகுமாம். அதற்குள் சுற்றியிருக்கும் கம்பி தலைமயிர் மாதிரி. அது சூடேறி எரிந்துவிடும்.

“அப்ப நூத்தம்பது போட்டிருந்தா?”

“கால்வாசி திறந்தாலே உங்கட ஹோல் நிறைஞ்சிருக்கும். அதுவும் சுத்தமா. பெட்டி தாங்கிறதை விட அம்ப் கொஞ்சம் கூடத்தான் இருக்கணும். அப்பதான் அது மூச்சு வாங்காம வேலை செய்யும். நீங்க கையை அடக்கி வச்சிருந்தாப் போதும். பெரிய அம்ப்பையும் கண்டபடி திறந்தா எரிக்கும்தான். ஆனா அது எரிக்க முதல் உங்கட காது சொல்லிப்போடும், போதும் எண்டு.”

என் காது திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதே ட்வீட்டர் கொழும்பில் இருந்து வர வேண்டும் என்றார். ஒரு கிழமை, ஏழு நாளுக்கு மேல் ஆகலாம். பெருநாளைக்குள் வந்தால் அதிர்ஷ்டம். பிறகு என் முகத்தைப் பார்த்து, வேறு ஒரு யோசனை சொன்னார்.

“வேற சோடி ஒண்டு கிடக்கு. அளவு சரியா வரும். பூட்டித் துணியைப் போட்டா ஆருக்கும் தெரியாது. நாளைக்கே எடுக்கலாம்.”

“ஓம், அதைப் போடுங்க” என்றேன். சொன்ன வேகம் எனக்கே வெட்கமாக இருந்தது.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறினேன். சாவியைப் போட்டேன். வானொலி இருந்த இடத்துக்குக் கீழே, அம்ப்ளிபயரைக் கழற்றின ஓட்டையில் நாலு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொன்னார்கள். பதினெட்டு நாள் பசித்திருந்து பிடித்த நோன்பை ஒரு துணிக்குள் மறைக்கப்போகிறேனே என்று தோன்றியது. இறங்கித் திரும்பக் கடைக்குள் போனேன்.

“தம்பி, அது வேணாம். கொழும்பால வரட்டும்.”

“இப்பதானே ஓம் எண்டீங்க?”

“நோன்பு தம்பி.”

“நோன்புக்கும் ட்வீட்டருக்கும் என்ன நானா?” என்று கேட்டார். பிறகு அவராகவே தலையை ஆட்டிக்கொண்டு, ட்வீட்டருக்குச் சொல்ல, மட்டையில் கொழும்புக் கடையின் நம்பரை எழுதினார்.

பெட்டிகளை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்த இடத்தில் வைத்தேன். மனைவியும் மகளும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். பெருநாள் முடியும் வரை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பெட்டியைப் போட வேண்டாம் என்று சொல்லிச் சமாளிப்பது. நோன்பில் யார் பாட்டுக் கேட்கப்போகிறார்கள்? “நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்” என்றாள் மனைவி. நான் தலையை ஆட்டினேன். அந்த நாலு நாளும் இரவுத் தொழுகையான தராவீஹில் எத்தனை ரக்அத் தொழுதேன் என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இருபத்திநான்காம் நோன்பு. விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு கல்முனை பஸ் நிலையத்துக்குப் போனேன். மருமகன் கொழும்பு பஸ்ஸில் இருந்து இறங்கினார். மெலிந்திருந்தார். ஸலாம் சொல்லிக் கட்டிப் பிடித்தார். இரண்டு பயணப் பெட்டியையும் பின்னால் ஏற்றினோம். கடற்கரை வீதியால் போவோம், காற்று நல்லது என்றார். சரி என்றேன். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. நான் வீதியையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

கொஞ்சத் தூரம் போனதும் முன்னுக்குச் சாய்ந்து கேட்டார்.

“மாமா, உங்கட அம்ப் எங்க? ஓட்டையாக் கிடக்கு.”

எத்தனையோ பதில் இருந்தது. பழுதாகிவிட்டது என்றால் முடிந்தது. நான் பிரேக் போட்டேன். எஞ்சின் சத்தத்தில் இதைச் சொல்ல முடியாது. ஓரமாக நிறுத்தி, எஞ்சினையும் நிறுத்தினேன். தோணிகளைக் கரையில் ஏற்றி வைத்திருந்த இடம் அது. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், வீதியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பயான், நாற்பது பெண்கள், திரைச்சீலை, இருபது வாட்ஸ், முழுக்கத் திறந்த குமிழ், எரிந்த ட்வீட்டர்.

“ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“என்ட அம்ப்?”

“அலுமாரிக்கு மேல. பெட்சீற்றால சுத்தி வச்சிரிக்கன்.”

“அது கைக்குக் கிட்ட இருந்ததுதானே மாமா. அதை ஏன் போடல?”

“பெரிசு, கிழிச்சிரும் எண்டு பயந்த.”

அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. கண்ணாடியில் அவர் கண் என் கண்ணை விட்டு விலகவில்லை. 

“மகன், இன்னொண்டும் இரிக்கி. அதைத் தூக்கி மேல வைக்கக்குள்ள எனக்கு ஒரு சந்தோசம் வந்த. இனி இது ஹோலில இல்ல எண்டு. அந்தச் சந்தோசம் இல்லாட்டி அந்த அம்ப்பைப் பற்றி ஆரிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பன். உங்களுக்கே ஒரு கோல் எடுத்திருப்பன். எரிக்கணும் எண்டு நினைக்கல. அல்லாஹ் மேல சத்தியமா நினைக்கல. ஆனா கேட்கல.”

அவர் கடல் பக்கம் திரும்பினார். ஒரு தோணியை நாலு பேர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க மாமா” என்றார். “வெயில் ஏறப்போகுது.”

அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வரை வேறு கதை இல்லை. வீட்டில் எல்லாரிடமும் சிரித்துக் கதைத்தார். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், சொல்லிவிட்டேன் என்பதை விளங்கிக்கொண்டாள். குளித்தார், படுத்தார். நான் குசினிப் பக்கத்தில் ஓதக் குர்ஆனை விரித்து, ஒரே பக்கத்தை லுஹர் வரை வைத்துக்கொண்டிருந்தேன்.

லுஹருக்குப் பிறகு முன்பக்கம் கதிரை இழுக்கும் சத்தம் கேட்டது. அலுமாரிக் கதவு ஆடியது. பயணப் பெட்டியைத்தான் இறக்குகிறார், போகப்போகிறார் என்று நினைத்தேன்.  திரைச்சீலை விலகியது. மருமகன் பெட்சீற்றோடு அம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

“இதை எங்க வைக்கிற மாமா? உங்கட ஸ்டூல் இதைத் தாங்காது.”

பாண்டிருப்புக்காரரின் நம்பரையும் கேட்டு வாங்கினார். இருவரும் போனில் அரை மணித்தியாலம் கதைத்தார்கள். இருபத்தேழாம் நோன்பன்று ட்வீட்டர்கள் வந்தன. மருமகனே பூட்டினார், நான் டோர்ச் பிடித்தேன். பிறகு வெள்ளைப் பிளாஸ்டரில் மெல்லியதாக ஒரு கீற்று வெட்டி, குமிழின் ஓரத்தில், கால்வாசித் தூரத்தில் ஒட்டினார்.

“மாமி என்ன சொன்னாலும் இந்தக் கோட்டைத் தாண்டாதீங்க.”

“நான் எப்ப சொன்னன்?” என்றாள் மனைவி.

“பின்னுக்கு இரிக்கிறவங்களுக்குக் கேட்கலியாம்” என்று மகள் அவளைப் போலவே சொல்லிக் காட்டினாள்.

ட்வீட்டர் வரும் வரை எங்கள் வீட்டில் நின்றிருந்த பயானுக்கு மறுநாள் பெண்கள் வந்து நிறைந்தார்கள். நான் குமிழைக் கோட்டுக்கும் கீழேயே வைத்தேன்.  திரைச்சீலைக்கு அப்பால் இருந்து இன்னும் கொஞ்சம் என்று கேட்குமோ என்று காத்திருந்தேன். ஹஸ்ரத் தொடங்கி இரண்டு ஆயத்து ஓதினார். மனைவியின் குரல் மெதுவாக வந்தது.

“ஸ்வாத் வந்திட்டு.”

பெருநாள் அன்று லுஹர் தொழுது, சாப்பிட்டு, வந்தவர்களும் போன பிறகு, மருமகன் ஹோலில் தனியாக இருந்தார். காதில் அந்த இயர்போனை மாட்டியிருந்தார். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு நோன்பு முழுக்க எடுத்தது. இதைச் சொல்வது சரியா, பிழையா என்று இன்றும் எனக்குத் தெளிவில்லை. பாட்டைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் வீட்டை அவர்களுக்குக் கொடுத்தது நான்தான்.

“மகன், ட்வீட்டர் சரியா வேலை செய்யுதா எண்டு பயானில மட்டும் பார்த்தாப் போதாதுதானே. உங்கட விருப்பத்துக்கு எதையும் போட்டுப் பாருங்க. நான் பள்ளிக்குப் போறன்.”

அவர் காதில் இருந்ததைக் கழற்றினார். “அஸருக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இரிக்கே மாமா?”

“ஓதிக்கிட்டு இருப்பன்.”

பள்ளியில் மூலையில் இருந்தேன். ஓதினேன் என்று சொல்ல முடியாது. இப்போது போட்டிருப்பாரா, தெருவுக்குக் கேட்குமா, யாரும் என்னிடம் வந்து கேட்பார்களா, நாளைக்கு அல்லாஹ் என்னிடம் கேட்பானா என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது. நிய்யத்தை நீ அறிவாய் ரப்பே என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அஸர் தொழுதுவிட்டு வந்தபோது ஹோலில் யாரும் இல்லை. மகளும் மருமகனும் அவருடைய உம்மாவைப் பார்க்கப் போயிருந்தார்கள். மஃரிபுக்கு வந்துவிடுவார்கள், இங்கேதான் சாப்பாடு என்று மனைவி சொன்னாள். நான் குசினிப் பக்க அறைக்குப் போய், அம்ப்ளிபயரின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. குமிழ் பிளாஸ்டர் கோட்டுக்குக் கீழே நின்றது.